ஜாஜா வீட்டுக் கணக்கு

முதல் நாள்: கம்பாலாவிலிருந்து மசாக்கா

கம்பாலாவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். சம்பள முன்பணம் கேட்கும் விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வரும். பிப்ரவரி, மே, செப்டம்பர் என வருடத்துக்கு மூன்று முறை அவை குவியும். உகாண்டாவில் பள்ளிக்கூடத்துக்கு மூன்று பருவம், அதனால் முன்பணத்துக்கும் மூன்று பருவம். பக்கத்து மேசை நண்பருக்கு முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. மே மாத விண்ணப்பத்தில் காரணம் என்று அவர் எழுதியிருந்தது: 'பள்ளிக் கட்டணம், நான்கு பேர்.' யாருடைய பிள்ளைகள் என்று கேட்டேன். "எங்கள் வீட்டுப் பிள்ளைகள்" என்றார். அது எனக்குப் போதவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "ஆகஸ்டில் ஊருக்குப் போகிறேன், வாருங்கள்" என்றார்.

கிளம்பியாயிற்று. பதினான்கு பேர் உட்காரும் வேனை இங்கே டாக்சி என்கிறார்கள். பதினான்கு என்பது கதவில் எழுதியிருக்கும் எண், அவ்வளவுதான். ம்பாம்பிரேயில் சாலையோரம் பெரிதும் சிறிதுமாக முரசுகள் அடுக்கி விற்கிறார்கள். கயாப்வேயில் பூமத்திய ரேகை. சாலையில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் வெள்ளை வளையம், நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம். நானும் எடுத்துக்கொண்டேன். லுகாயாவில் வண்டி நின்றதும் ஜன்னல் வழியே குச்சியில் குத்திய கோழிக்கறியும் சப்பாத்தியும் உள்ளே வந்தன. சப்பாத்திக்கு இங்கேயும் சப்பாத்தி என்றே பெயர்.

நண்பர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மசாக்கா நெருங்கும்போது ஒரு தச்சுப் பட்டறையைக் காட்டினார். கட்டில், சோபா எல்லாம் வாசலில் கிடந்தன. "நான் சின்னப் பையனாக இருந்தபோது இவர்கள் சவப்பெட்டி மட்டும்தான் செய்தார்கள். வேறெதற்கும் நேரம் இருக்கவில்லை" என்றார். அதற்குப் பிறகு இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள்: ஜாஜா வீடு

டவுனிலிருந்து ஊருக்கு பைக் டாக்சி. அதன் பெயர் 'போடா போடா'. ஓட்டுநர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி "போடா? போடா?" என்று கேட்டபோது, தமிழ்க் காதுக்கு அது எப்படி விழும் என்பதை நண்பருக்கு விளக்கினேன். வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

வாழைத் தோட்டத்துக்கு நடுவே செங்கல் வீடு, தகரக் கூரை. ஜாஜா என்றால் பாட்டி, தாத்தாவுக்கும் அதே சொல். பிள்ளைகள் முழங்காலிட்டு வணக்கம் சொன்னார்கள். இந்தப் பகுதியான புகாண்டாவின் வழக்கம் இது என்று தெரிந்திருந்தும் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜாஜா "குலிகா" என்றார். பயணம் முடித்து வந்தவரிடம் சொல்லும் வார்த்தை.

வீட்டில் இருப்பவர்கள்: ஜாஜா, நண்பரின் பெரியம்மா மகள் (நாற்பத்தொரு வயது, நண்பருக்கு அக்கா), பதினைந்து வயதுப் பையன் ஒருவன், பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, அவளுக்கு ஒன்பதிலும் ஆறிலும் இரண்டு தம்பிகள். விண்ணப்பத்தில் இருந்த 'நான்கு பேர்' இந்தப் பிள்ளைகள்தாம். யாரும் நண்பரின் பிள்ளைகள் இல்லை. யாரும் ஜாஜாவின் பேரப்பிள்ளைகளும் இல்லை, கொள்ளுப்பேரர்கள். பேரன் பேத்திகள் வரிசை வளர்ந்து முடிந்து, அதில் சிலரும் செத்து, இது அடுத்த வரிசை.

ஜாஜா பெற்றது எட்டு. 1989-க்கும் 2003-க்கும் இடையில் ஐந்து பேர் போனார்கள். ஐந்து கல்லறைகளும் வீட்டுக்குப் பக்கத்திலேயே, வாழைக்கு நடுவில். இரண்டுக்கு சிமெண்ட் பூசியிருக்கிறது, மூன்றுக்கு வெறும் கல் வரிசை. முதல் இருவர் போனபோது காபி விற்ற பணம் இருந்ததாம். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். மகள்கள் புருஷன் வீட்டிலிருந்து உடம்பு முடியாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர்கள். வரும்போது கையில் பிள்ளையோடு வந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் என் பக்கத்து மேசைக்காரர்.

இந்த ஊர் முறைப்படி பிள்ளை அப்பாவின் குலம். நண்பருடைய அப்பா 1996-ல் இறந்தார். ஈமச்சடங்கின் கடைசியில் வாரிசைப் பெயர் சொல்லி நிறுத்துவார்கள். சித்தப்பாமார் வந்து, "இவன் எங்கள் பிள்ளை, எங்கள் குலம்" என்று ஊரார் முன்னால் சொன்னார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளை அம்மாவோடு இங்கே வந்துவிட்டான். "குலத்தை எனக்குக் கொடுத்தார்கள், தோட்டத்தை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்" என்று நண்பர் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார். அம்மாவழிப் பாட்டிக்கு அந்தப் பிள்ளைமேல் முறைப்படி ஒரு பாத்தியதையும் கிடையாது. வளர்த்தது அவர்தான். மொத்தம் பதினான்கு பேரப்பிள்ளைகளை.

அநாதைக்கு லுகாண்டா மொழியில் 'முலேக்வா'. விட்டுச் செல்லப்பட்டவர் என்று பொருள். ஐ.நா. கணக்கில் பதினெட்டு வயதுக்குள் தாயையோ தகப்பனையோ இருவரையுமோ இழந்த பிள்ளை இதில் வரும். உலகம் முழுவதும் எய்ட்ஸால் அப்படி ஆன பிள்ளைகள் இன்றும் சுமார் 1.4 கோடி, பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே. ஜாஜா வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. ஏன் என்று சாயங்காலம் ஒரு கதையில் புரிந்தது.

2000-களின் தொடக்கத்தில் ஏதோ ஒரு திட்டத்திலிருந்து ஆட்கள் வந்து பட்டியல் எடுத்தார்களாம். யார் முலேக்வா, யார் இல்லை. அப்போது வீட்டில் ஒன்பது பிள்ளைகள். ஆறு பேருக்குப் பட்டியலில் இடம். மற்ற மூன்று பேருக்குத் தாய் தகப்பன் உயிரோடு இருந்தார்கள். கூலி வேலைக்கு எங்கோ போனவர்கள், பணம் அனுப்பாதவர்கள், ஆனால் உயிரோடு. பட்டியல்படி ஆறு மெத்தை, ஆறு போர்வை, ஆறு சீருடை வந்தன. பட்டியலில் பெயர் இல்லாத சின்னவள் ஒருத்தி, "என் அம்மா எப்போது சாவாள்?" என்று கேட்டிருக்கிறாள்.

ஜாஜா ஆறு மெத்தைகளையும் பக்கம் பக்கமாகப் போட்டு, பிள்ளைகளைக் குறுக்கே படுக்க வைத்தார். ஒன்பது பேருக்கும் சரியாக இருந்தது. கால் மட்டும் தரையில் நீட்டிக்கொண்டிருந்ததாம். அந்த மெத்தையில் மிச்சமிருக்கும் ஒன்றில்தான் இன்று எனக்குப் படுக்கை.

மூன்றாம் நாள்: இலவசத்தின் விலை

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு மருந்து வாங்கும் நாள். அவள் பிறந்ததிலிருந்தே எச்ஐவி-யோடு இருப்பவள். ஊர் பெயரையும் மருத்துவ நிலையத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஊரில் சிலருக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும்.

உகாண்டாவில் இந்த மருந்து 2004-லிருந்து இலவசம். அதற்கு முன் மருந்து இல்லாமலும், வந்த பிறகு வாங்க முடியாமலும் செத்தவர்கள்தான் வாழைக்கு நடுவில் கிடப்பவர்கள். இப்போது ஒரு நாளைக்கு ஒரு வேளை மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வாங்கிவந்தால் போதும். இதையெல்லாம் வழியில் அக்கா சொல்லிக்கொண்டு வந்தார். 'அவ்வளவு சுலபமா' என்று நான் மனதுக்குள் நினைத்த நேரத்தில் போடாக்காரர் கட்டணம் சொன்னார். போக வர 20,000 ஷில்லிங். நம் ஒரு ரூபாய்க்கு நாற்பது ஷில்லிங் என்று போட்டுக்கொள்ளுங்கள், 500 ரூபாய். கேட்கச் சின்னத் தொகை. தோட்டத்து வாழைத் தாரை விற்றுப் பிழைக்கும் வீட்டில் அப்படி இல்லை. முந்தைய தடவை காசில்லாமல் நான்கு நாள் தள்ளிப் போனார்களாம். அந்த நான்கு நாள் மாத்திரை இல்லை.

ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். கூட்டத்தில் பாதிக்கு மேல் பாட்டிகள். பாட்டியும் பிள்ளையும், பாட்டியும் பிள்ளையும். நடுத்தர வயதில் வந்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஜாஜாவும் கூட வந்திருந்தார். அவருக்கு ரத்தக் கொதிப்பு. பிள்ளைக்கு மாத்திரை தந்த அதே கட்டிடத்தில், இரண்டு வாசல் தள்ளி, ஜாஜாவின் மாத்திரை தீர்ந்துவிட்டது, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கடல் கடந்து வந்த மருந்து இருக்கிறது, சாதாரண ரத்தக் கொதிப்பு மாத்திரை இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. பிள்ளையின் நோய்க்கு ஒரு திட்டம், அந்தப் பிள்ளைக்கு இரவு எட்டு மணிக்கு மறக்காமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கைக்கு ஒன்றுமில்லை. ஜாஜா விழுந்தால் அந்த மாத்திரையும் விழும் என்பது மருந்து அனுப்புகிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஜாஜா என்னைப் பார்த்து "பாம்பி" என்றார். ஐயோ பாவம் என்று. பாவம் நான்தானாம், வெயிலில் உட்கார்ந்ததற்கு. மருந்துக்கடையில் ஒரு மாத மாத்திரை 30,000. பதினைந்து நாளைக்கு வாங்கினார்.

முதியோர் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது, மாதம் 25,000 ஷில்லிங். முதலில் சில மாவட்டங்களில் அறுபத்தைந்து வயதுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாடு முழுக்க விரித்தபோது எண்பது வயது என்று ஆக்கிவிட்டார்கள். ஜாஜாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. 1962-ல் நாடு சுதந்திரம் வாங்கிய அன்று மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தது என்று ஆடலும் பாடலுமாக அந்த நாளைச் சொல்கிறார். ஆனால் தேசிய அடையாள அட்டையில் பிறந்த வருடம் 1949. பதிவு எடுக்க வந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அட்டைப்படி அன்று அவருக்கு வயது பதின்மூன்று. திருத்த வேண்டுமென்றால் டவுனுக்குப் போக வேண்டும், ஒரு தடவையில் முடியாது. போக வர எவ்வளவு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினோம். அந்தப் பெண்ணுக்கு அன்று பள்ளிக்கூடம் போயிற்று. பள்ளியும் இலவசம்தான், 1997-லிருந்து ஆரம்பப் பள்ளியில் கட்டணம் கிடையாது. நண்பர் அந்த முதல் வருடத்துப் பிள்ளை. சீருடை, நோட்டு, பேனா, பரீட்சைத்தாள் காசு, மதியக் கஞ்சிக்காசு ஆகியவை இலவசத்தில் சேராது. கஞ்சிக்காசு கட்டாத பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். காலையில் வெறும் தேநீர், மதியம் மரத்தடி, ராத்திரி வெறும் வயிற்றில் மாத்திரை என்றால் தலை சுற்றும், குமட்டும் என்று அந்தப் பெண் முந்தி ஒருமுறை மாத்திரையைத் துப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் கஞ்சிக்காசுதான் எல்லாவற்றுக்கும் முதல் செலவு.

அவளுக்கு விஷயத்தைச் சொன்னது போன வருடம்தான். அதுவரை நெஞ்சுச் சளிக்கு மருந்து என்று சொல்லிவந்தார்கள். சொன்னது அக்கா. சொன்னதும் அழவில்லையாம். "அப்படியென்றால் தம்பிகளுக்கும் உண்டா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை. அவர்களைச் சுமந்தபோது அம்மா ஒழுங்காக மருந்து எடுத்திருந்தாள். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு நிறுத்திவிட்டாள், புதிதாகச் சேர்ந்து வாழ்ந்த ஆளுக்குத் தெரியக்கூடாது என்று. இதைச் சொல்லிவிட்டு அக்கா வாழைக்காய் உரிக்கப் போய்விட்டார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மூரில் சொல்வோம். எட்டு மணிக்கு ரேடியோவில் செய்தி தொடங்கும் இசை கேட்டதும் அந்தப் பெண் தானே எழுந்து தண்ணீர் மொண்டாள். அப்போது அந்தப் பழமொழி நினைவுக்கு வந்தது. இந்த வீட்டில் வந்த விருந்தும் போகவில்லை, மருந்தும் முடியாது.

நான்காம் நாள்: கசென்செரோ

இங்கிருந்து கியோடெரா வழியாக விக்டோரியா ஏரிக்கரைக்குப் போனோம். தான்சானியா எல்லைக்கு அருகில், ககேரா ஆறு ஏரியில் விழும் இடத்தில் கசென்செரோ. உகாண்டாவில் இந்த நோயை முதன்முதலில் கண்டது இங்கேதான், 1982 வாக்கில். அப்போது இது ராக்காய் மாவட்டம், 2017-ல் பிரித்து கியோடெரா ஆக்கினார்கள். ஆட்கள் உருகி ஒல்லியாகிச் செத்ததால் 'ஸ்லிம்' என்று பெயர் வைத்தார்கள். 1985-ல் மருத்துவ இதழ் 'லான்செட்'டில் வந்த கட்டுரையும் அதே பெயரைத்தான் போட்டது. இன்றும் லுகாண்டாவில் எய்ட்ஸ் என்றால் 'சிலிமு'. முதலில் மருந்துக்கு யாரும் போகவில்லையாம். எல்லை தாண்டி வந்த தான்சானிய வியாபாரிகளை இங்கே சிலர் ஏமாற்றியதாகவும், அவர்கள் வைத்துவிட்டுப் போன சூனியம்தான் இது என்றும் நம்பினார்கள்.

ஏதோ சோகமான இடத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பில் போனேன். இரைச்சல், மீன் வாசனை, படகுக்கு வண்ணம் அடிப்பவர்கள், மணலில் காயும் பொடிமீன், இரண்டு ஸ்பீக்கரில் இரண்டு பாட்டு. 1994-ல் ருவாண்டாவில் கொல்லப்பட்டவர்களின் உடல்கள் ககேராவில் மிதந்து வந்து இந்தக் கரையிலும் ஒதுங்கின. அவர்களுக்கும் இங்கே கல்லறை உண்டு. எத்தனையைத்தான் ஒரு கரை வாங்கிக்கொள்ளும்.

ஒரு கடையில் சேற்றுநிறத்தில் நீளமாக ஒரு மீன். நண்பர் சட்டென்று இரண்டடி தள்ளி நின்றார். 'மாம்பா', நுரையீரல் மீன். அவர் குலத்தின் சின்னம் அது, சாப்பிடக் கூடாது. "யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அப்பாதான் அப்போதே போய்விட்டாரே?" என்றேன்.

"அம்மா எழுதி வைத்திருக்கிறாள்" என்றார்.

1990-களில் உகாண்டாவில் எச்ஐவி உள்ள தாய்மார்களின் சங்கமொன்று 'நினைவுப் புத்தகம்' எழுதும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது. சாகப்போகிற அம்மா பிள்ளைக்காக எழுதுவது: நீ எங்கே பிறந்தாய், முதலில் யார் தூக்கினார்கள், உன் குலம் எது, தாத்தா பெயர் என்ன, உனக்கு எதைக் கண்டால் பயம். எழுத உட்காரும் சாக்கில்தான் பல தாய்மார் தங்களுக்கு என்ன நோய் என்பதையே பிள்ளையிடம் சொன்னார்கள். நண்பரின் அம்மா 2000-ல் எழுதத் தொடங்கினார். அடுத்த வருடம் போய்விட்டார்.

திரும்பும் வழியில் அக்கா தன் வேலையைப் பற்றிச் சொன்னார். இதே மாதிரி வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகள் மாத்திரை எடுக்கிறார்களா, பள்ளிக்குப் போகிறார்களா என்று பார்க்கும் வேலை. அமெரிக்கா 2003-ல் தொடங்கிய எய்ட்ஸ் உதவித் திட்டமான பெப்ஃபாரின் நிதியில் பத்து விழுக்காடு இந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களை வைத்திருக்கும் வீடுகளுக்கும் என்று சட்டத்திலேயே இருந்தது. அக்காவின் வேலை அந்தக் காசில் நடந்தது. 2025 ஜனவரியில் அந்த நாடு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, வேலையை நிறுத்தச் சொல்லி இவருக்கும் ஒரு தாள் வந்தது. இருபத்தெட்டு வீடு அவர் பொறுப்பில் இருந்தன. "நீங்கள் இன்னும் போவதாகத் தம்பி சொன்னாரே?" என்றேன். "பன்னிரண்டு வீட்டுக்குத்தான். நடந்து போகிற தூரத்தில் இருப்பவை" என்றார். மற்ற பதினாறு வீடுகளைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள்: திரும்புதல்

காலையில் நண்பர் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்தார். கெட்டி அட்டை போட்ட நோட்டு, ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. முதல் பக்கங்களில் அம்மாவின் எழுத்து, சாய்ந்து, நீலத்தில். வம்சமரம் ஒன்று வரைந்திருக்கிறது. 'உனக்கு இடியென்றால் பயம், ஆனால் மழை பிடிக்கும்' என்று ஒரு வரியை மொழிபெயர்த்துச் சொன்னார். 'அப்பாவைப் பற்றி' என்று தலைப்பிட்ட பக்கத்தில் இரண்டு வரி. அதன் பிறகு எழுத்து இல்லை.

அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து பென்சிலில் கணக்கு. முதலில் அக்காவின் கை, பிறகு இவர் கை. இருபது வருடத்துப் பள்ளிக்கட்டணம். "வீட்டில் அப்போது வேறு தாள் இல்லை. அப்புறம் அதுவே பழகிவிட்டது" என்றார். கணக்குப் பிள்ளையாகப் பார்த்தால் அதில் வரவு என்று ஒரு பக்கமே கிடையாது.

ஜாஜா சாலைவரை வழியனுப்ப வந்தார். பதினைந்து வயதுப் பையன் ஒரு வாழைத்தாரைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தான். எனக்காம். வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று நண்பர் கண்ணாலேயே எச்சரித்தார்.

வண்டிக்குக் காத்திருக்கும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தை என்னிடம் நீட்டி, கூட்டல் சரியா பார்க்கச் சொன்னார். மூன்றாம் பருவம். சீருடை இரண்டு 60,000. நோட்டு, பேனா 45,000. மூன்று பேருக்கு மதியக் கஞ்சி 90,000. பெரியவனுக்கு மேல்நிலைப் பள்ளிக்கட்டணம் 3,80,000. போடா 20,000. ஜாஜா மாத்திரை 30,000. கீழே 6,15,000 என்று எழுதியிருந்தார்.

"பத்தாயிரம் குறைகிறது, 6,25,000" என்றேன்.

அழித்துவிட்டுத் திருத்தி எழுதினார். வேன் வந்தது. வாழைத்தாரைப் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"செப்டம்பரில் எவ்வளவு வரை முன்பணம் கொடுக்கலாம்?"

"விதிப்படி அரை மாதச் சம்பளம்."

தலையாட்டினார். அவர் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பி உதடு அசையாமல் ஏதோ கூட்டிக்கொண்டு வந்தார், லுகாயாவரை.